பொடோனி: பெரிதாகப் போட வேண்டிய எழுத்து

பொடோனி எழுத்துருவில் நிமிர்ந்த தண்டுகள் கனமாகவும், படுக்கைக் கோடுகள் மயிரிழை போலவும் இருக்கும். தண்டின் நுனியில் நிற்கும் செரிஃப் எனும் சிறு குறுக்குக் கோடு, வளைவே இல்லாமல் நேராக வெட்டப்பட்டிருக்கும். நகைக்கடை விளம்பரம், ஃபேஷன் இதழின் அட்டை, வாசனைத் திரவியப் பெட்டி ஆகியவற்றில் ‘விலை அதிகம்’ என்று சொல்லாமல் சொல்லும் எழுத்து இந்த வகைதான்.

இதை உருவாக்கியவர் இத்தாலியரான ஜாம்பத்தீஸ்தா பொடோனி (1740–1813). இளமையில் ரோமில் கத்தோலிக்க மறைபரப்புச் சபையான ப்ரொபகாந்தா ஃபீதேயின் அச்சகத்தில் வேலை பார்த்தபோது கீழை மொழி எழுத்துகளோடும் பழகியவர். பொடோனி 1768இல் பார்மாவின் அரச அச்சகப் பொறுப்பை ஏற்றார். ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் தீதோ என்ற அச்சாளர் குடும்பமும் இத்தகைய எழுத்துகளை வார்த்தது. செப்புத் தகட்டில் செதுக்கும் நுண்கோட்டைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் இவர்கள். வழவழப்பான தாளும் அப்போது கைக்கு வந்திருந்ததால் அந்த ஆசை நிறைவேறியது.

அதே நுண்கோடுதான் இதன் பலவீனமும். சிறிய அளவில் மட்டமான தாளில் அச்சிட்டால் மயிரிழை மங்கிப்போகும். ‘e’யின் குறுக்குக் கோடு மறைந்தால் அது ‘c’ ஆகிவிடும். ‘O’ இரண்டு அடைப்புக்குறிகளாகப் பிளந்து நிற்கும். இதனால் 1994இல் வந்த ஐடிசி நிறுவனத்தின் பொடோனியை 6, 12, 72 பாயின்ட் அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார்கள். சிறிய அளவுக்கான வடிவில் மெல்லிய கோடுகள் தடித்திருக்கும்.

கேரளத்தில் பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பலகையிலோ அழைப்பிதழிலோ சேர்க்க நேரும்போது பொடோனி இன்னொரு சிக்கலும் தரும். ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும். தமிழும் மலையாளமும் நெடுங்காலம் அப்படி எழுதப்பட்டவை. அவற்றின் பக்கத்தில் பொடோனியை வைத்தால் கண் முதலில் ஆங்கிலத்துக்கே போகும். தமிழை வலிந்து பொடோனியாக்குவதும் பலன் தராது: ‘ண’வின் சுழிகள் நெருக்கமானவை, அவற்றை மயிரிழையாக்கினால் சிறிய அளவில் ‘ண’வும் ‘ன’வும் குழம்பும். புள்ளி சிறுத்து மறைந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு வெளியிட்ட ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவில் இந்த மயிரிழைகள் இல்லை. மும்மொழிப் பலகைக்கு அத்தகைய எழுத்தும், அதே கனத்தில் ஓர் எளிய ஆங்கில எழுத்தும் போதும். பொடோனியை அட்டையின் தலைப்புக்கும் பெரிய பெயருக்கும் வைத்துக்கொள்ளலாம்; பேருந்து நேர அட்டவணைக்கும் மருந்துச்சீட்டுக்கும் அது ஆகாது.