பெர்சிவல் பாதிரியாரின் மறுவாழ்வு

பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்துக் கீர்த்தி பெற்ற ராபர்ட் புரூஸ் பூட், ஓய்வுக்காலத்தில் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் குடியேறினார் என்பது பலர் அறிந்த செய்தி. அவருக்கு முன்னரே அவருடைய மாமனாரான பீட்டர் பெர்சிவல், காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அதே ஊரில் 1882-ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார். கண்டிப்பான சமயச் சங்கமொன்றில் வாலிபத்தைக் கழித்து, நடுவயதில் அதைவிட்டு விலகியவர், எஞ்சிய ஆயுளை எங்ஙனம் பயனுறச் செலவிடலாம் என்பதற்கு அம்மாமனாரின் சரித்திரமே தக்க திருஷ்டாந்தம்.

1803-ல் பிறந்த பெர்சிவல், வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனரியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிக்கூடங்களை வளர்த்தார். அக்காலத்தில் அச்சங்கத்தின் கட்டுப்பாடு சாமானியமானதன்று. அங்கத்தினர்கள் வாரந்தோறும் சிறு குழுவாகக் கூடித் தத்தம் ஆத்ம நிலையைத் தலைவர்முன் எடுத்துரைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை, வேதவசனம் அச்சிட்டு அவரவர் பெயர் எழுதிய சீட்டொன்று கொடுக்கப்படும். ஒழுக்கம் பிசகினவருக்கு அச்சீட்டு கிடையாது. போதகர் எவ்வூரில் ஊழியம் செய்வது என்பதையும் சங்கமே நிர்ணயிக்கும். ஜீவனோபாயம், சிநேகிதம், இருப்பிடம், மறுமை நம்பிக்கை ஆகிய யாவும் ஒரே ஸ்தாபனத்தின் கையில் இருக்கையில், விலகுகிறவன் கொள்கையொன்றை மட்டும் இழப்பதில்லை. தன்னை இன்னானென்று பிறருக்குச் சொல்லிக்கொள்ளும் வழியையே இழந்துவிடுகிறான்.

பெர்சிவல் கிறிஸ்துவைத் துறந்தவரல்லர். இங்கிலாந்து சென்று ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார். அச்சபையைச் சார்ந்த மிஷன் சங்கத்தின் சார்பில் சென்னைக்கு வந்தபின் அந்தத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு, மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆயினும் யாழ்ப்பாணத்தில் சம்பாதித்த தமிழை அவர் விட்டுவிடவில்லை. ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தை மொழிபெயர்த்த காலத்தில் பழகிய அதே தமிழைக்கொண்டு, 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தினார், அகராதிகளைத் தொகுத்தார். 1842-ல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட பழமொழித் திரட்டை மேலும் மேலும் பெருக்கி, 1874-ல் 6,000-க்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேற்றினார். மதப்பிரசாரத்துக்கென்று கற்ற பாஷை, அடுப்படியிலும் சந்தையிலும் வழங்கும் பேச்சைப் பேணிவைக்கும் கருவியாயிற்று.

அவரைச் சார்ந்திருந்தவர்களிடத்தும் இதே நியாயத்தைக் காண்கிறோம். மிஷன் பள்ளியில் பணியாற்றிய நாவலர் 1848-ல் அதைவிட்டு விலகி, அங்கே கண்ட பள்ளிக்கூட முறையையும் அச்சுக்கலையையும் சைவத்தின் பொருட்டு உபயோகித்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பெர்சிவல் அழைத்ததன்பேரில் 'தினவர்த்தமானி'க்கு ஆசிரியராக வந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, பின்னர்ச் சைவத்தைத் தழுவி, 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மூவரும் சென்ற திசைகள் வெவ்வேறு. ஆனால், விட்டு வந்த இடத்தில் கற்ற வித்தையை வேண்டாமென்று எறிந்தவர் அவர்களில் ஒருவருமில்லை.

இக்காலத்தில் கடுமையான மதக்குழுவை விட்டு வெளியேறுகிறவர்கள், பழைய கட்டளைகளோடு பழைய வாழ்நாளும் வீணாயிற்றென்று மனம் கசந்துபோகிறார்கள். அக்கசப்புக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் சித்தசாந்தி அதனால் விளைவதன்று. அதிகாலையில் எழும் பழக்கம், சபையின் நடுவே பேசும் திறமை, பிணியாளர் அருகிருந்து பணிசெய்யும் பொறுமை ஆகியவை சங்கம் கற்பித்தவையேயானாலும், கற்றவருக்கே உரிய சொத்து. அவற்றை எதற்குப் பயன்படுத்துவதென்று தாமே தீர்மானிக்கத் தொடங்குகிறவருக்கு, விலகல் என்பது வெறும் இழப்பாக நின்றுவிடுவதில்லை.