ஆலய மேடைக்கு ஏற்ற மைக் எது?

திருவிழாக் காலத்தில் பூமாலைக்கும் அன்னதானத்திற்கும் மனமுவந்து முன்வரும் உபயதாரர்கள், ஒலிச் சாதனங்களுக்கு அவ்வளவு எளிதில் முன்வருவதில்லை. ஆயினும் கலை நிகழ்ச்சிகளைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் பாடுவோர் கையிலிருக்கும் சிறு மைக்கே ஆகும். மாதக்கணக்கில் தேவாரம் பயின்ற ஒரு சிறுமியின் குரல் முன்வரிசையைத் தாண்டாமற் போனால், அக்குழந்தை மறு ஆண்டு மேடையேறத் தயங்குகிறது. புக்கிட் மேரா வட்டாரத்தில் ஆலயச் செயலாளராகப் பணியாற்றும் அடியேன் இதைக் கண்ணாரக் கண்டதுண்டு. ஆகவே, உபயப் பணம் வீணாகாமல் நல்ல மைக் வாங்குவது குறித்து அன்பர்களுடன் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றோர் நாடக மேடையில் புகழ்பெற்ற காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் பாடியாக வேண்டும். அத்தகைய சாரீரத்தை நம் பஜனைக் குழுவினரிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

முதலில் நம் மண்டபங்களின் நிலையை உணர வேண்டும். தரை பளிங்கு, சுவரும் தூணும் கான்கிரீட். ஒலியை உறிஞ்சிக்கொள்ளத் திரையோ கம்பளமோ இல்லை. மைக் வாங்கிய ஒலி, ஒலிபெருக்கி வழியே வெளிவந்து மீண்டும் மைக்கினுள் புகுந்து சுழலும்போதுதான் காதைத் துளைக்கும் அந்தக் கூச்சல் எழுகிறது. சுற்றிலும் வீவக அடுக்குமாடி வீடுகள் இருப்பதால் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகவும் நமக்கு வழியில்லை. எனவே, பாடுபவரின் குரலை மட்டும் வாங்கி, மற்றவற்றைப் பெரிதும் ஒதுக்கும் மைக்கே நமக்குத் தேவை.

கடைக்காரர்கள் சிலர், ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படும் ‘கண்டென்சர்’ வகையை உயர்ந்தது என்று காட்டுவர். அது நுட்பமானதுதான்; ஐயமில்லை. ஆனால் அந்த நுட்பமே பக்கத்து மேளத்தையும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிவிடும். பொதுவாக அதற்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் செல்ல வேண்டும். நமக்கு ஏற்றது ‘டைனமிக்’ வகை. காந்தத்தின் நடுவே சிறு கம்பிச்சுருள் அசைவதால் இயங்கும் இதற்குத் தனி மின்சாரம் வேண்டியதில்லை. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. அதிலும் ‘கார்டியாய்டு’ எனப்படும் இதய வடிவ அமைப்புடையதைக் கேட்டு வாங்க வேண்டும். முன்புற ஒலியை வாங்கும் அது, நேர் பின்புறத்து ஒலியைப் பெருமளவு தள்ளிவிடும். ஆதலால், பாடகருக்குக் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் பெட்டி மைக்கின் பின்புறம் நோக்கியே இருத்தல் அவசியம்.

இவ்வகையில் உலகெங்கும் பெயர்பெற்றது அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1966 ஆம் ஆண்டு வெளியிட்ட எஸ்.எம்.58. முதலிரண்டு எழுத்துகள் ‘ஸ்டூடியோ மைக்ரோபோன்’ என்பதன் சுருக்கம்; ஆனால் அது புகழ் பெற்றதோ மேடையில்! அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலருக்கு விற்கப்பட்டு வந்துள்ளது. சென்ஹைசரின் இ835 அதற்கு இணையாக நிற்கக்கூடியது. பெரிங்கர் எக்ஸ்.எம்.8500 இவற்றைவிட மிக மலிவு. மூன்றும் டைனமிக், மூன்றும் கார்டியாய்டு. கையிருப்பு குறைவாக உள்ள குழுவினர், விலையுயர்ந்த ஒன்றை வாங்கி நால்வரிடையே சுற்றவிடுவதைக் காட்டிலும், மலிவான நான்கை வாங்கி ஆளுக்கொன்று கொடுப்பதே மேல் என்பது அடியேனின் கருத்து.

எஸ்.எம்.58 பெயரில் போலிகள் ஏராளம். நம்பமுடியாத விலைக்கு ஒருவர் தருவதாகச் சொன்னால் நம்பாமலிருப்பதே நலம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குக. கயிறு பிரிக்க முடியாதபடி பொருத்தப்பட்ட கரோக்கே மைக்குகளையும் தவிர்க்கலாம்; மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கயிறு இருந்தால்தான் நெடுந்தூரம் இழுத்தாலும் ‘ம்ம்ம்’ என்ற முனகல் சேராது. கம்பியில்லா மைக் வேண்டுவோர், அதன் அலைவரிசை சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்டதா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் இதில் கூடுதல் கவனம் தேவை.

கூடுமானால், வாங்குமுன் இரண்டு மூன்று மைக்குகளை இரவல் பெற்று, நம் மண்டபத்திலேயே, நம்மவர் குரலிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். கடையில் ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. திருப்புகழ் பாடும் மூதாட்டியின் மெல்லிய குரலுக்கும் ஓதுவாரின் கணீர்க் குரலுக்கும் ஒரே மைக் ஒரே விதமாக அமைவதில்லை.

இனி, பிடிக்கும் முறை. பிழை பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறைகிறது. 5 சென்டிமீட்டரில் இருந்தது 20 சென்டிமீட்டருக்கு விலகினால் 12 டெசிபெல் போய்விடும். பிறகு ஒலிப் பொறுப்பாளர் பொத்தானைத் திருக, கூச்சல் எழுகிறது. பழியும் அவர் மேல் விழுகிறது! கூச்சத்தால் பிள்ளைகள் மைக்கை மார்பளவில் பிடிப்பர். இளைஞர்களோ திரைப்படப் பாடகரைப்போல் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பர். அவ்வாறு பொத்தினால் பின்புறத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசை ஒலியையும் வாங்கத் தொடங்கிவிடும். நடுத்தண்டைப் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் வைத்துப் பாடப் பழக்க வேண்டும். இதற்கு ஒத்திகையில் கால் மணி நேரம் போதும்.

2016 ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். திறந்தவெளியில், வாகன இரைச்சலுக்கு நடுவே பாடுவோர்க்கு மேற்சொன்ன முறை இன்னும் அவசியம். காற்று வீசும் இடங்களில் மைக்கின் மேல் பஞ்சுறை போட்டுக்கொள்ளலாம்.

விழா முடிந்ததும் மைக்குகளை அப்படியே பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எச்சிலும் விபூதித் துகளும் சாம்பிராணிப் புகையும் வலைத்தலைக்குள் படிந்திருக்கும். வலைத்தலையைத் திருகிக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் அலசி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும். மைக்கின் உட்பகுதியில் தண்ணீர் படவே கூடாது.