மனிதன் இறங்க வேண்டாத தொட்டி

வாய் குறுகிய குடத்தின் அடியைத் துலக்குவது எவ்வளவு சிரமம் என்று, பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியும் அப்படிப்பட்ட குடம்தான். அடியில் இறுகிக் கிடக்கும் சேற்றைப் பம்பு இழுக்காது. அதைக் கலக்கிவிடத்தான் ஆளை இறக்கினார்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு தொட்டிக்குள் நிறைந்திருந்தால், இறங்கியவர் சில நொடிகளில் மயங்கிச் சரிவார். தூக்கிவிடப் போனவரும் கூடவே விழுவார். சாயப்பட்டறைத் தொட்டிகளிலும் இதே ஆபத்து உண்டு.

'ஹோமோசெப்' சேற்றைக் கலக்கும் அந்த வேலைக்கென்றே பிறந்த எந்திரம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில், ஒரு முதுநிலை மாணவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. அதன் கத்திகள் மடங்கிய குடைபோலச் சிறிய வாய் வழியே உள்ளே போய், அடியில் விரிந்து சுழல்கின்றன. இறுகிய சேறு நீரோடு கலந்து கூழாகிறது. உறிஞ்சு குழாய் அதை மேலே இழுத்துவிடுகிறது. இயக்குபவர் தரையிலேயே நிற்கிறார்.

கழிவுநீர்த் தொட்டியில் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. சட்டத்தோடு கருவியும் தொழிலாளியின் கைக்கு வந்தாக வேண்டும். 2022இல் முதல் இரண்டு எந்திரங்களும் தமிழ்நாட்டில் இரு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குத் தலைமை தாங்கிய இருவரும் தூய்மைப் பணியில் கணவரைப் பறிகொடுத்தவர்கள்.