ஓயாத துப்புரவுப் பணி

நீங்கள் இவ்வரிகளைப் படிக்கும் ஒவ்வொரு நொடியிலும் உங்கள் உடலில் சுமார் 20 இலட்சம் இரத்தச் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து மறைகின்றன. அவற்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்களே. முதுமையுற்ற அவை எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மண்ணீரலிலும் கல்லீரலிலும் விழுங்கணுக்கள் எனும் நோயெதிர்ப்பு அணுக்கள் உள்ளன. சிவப்பணுவின் மேற்புறத்தில் முதுமை உண்டாக்கும் மாற்றங்களை அவை அறிந்துகொள்கின்றன. உடனே தம் மெல்லிய சவ்வை நீட்டி, அதனைச் சூழ்ந்து, அப்படியே உள்வாங்கிக் கொள்கின்றன. உள்ளே சிறு பையொன்றில் அடைபட்ட அச்சிவப்பணுவை அமிலமும் நொதிகளும் சிதைத்து விடுகின்றன. ஆயினும் அதிலிருந்த இரும்புச்சத்து வீணாவதில்லை. நாளொன்றுக்குச் சுமார் 20 மில்லிகிராம் இரும்பு இவ்வாறு மீட்கப்பட்டு, புதிய சிவப்பணுக்கள் உருவாகப் பயன்படுகிறது. உணவிலிருந்து உடல் ஏற்பதோ நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே!

அணுக்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கித் தற்காக்கின்றன என்னும் கருத்தை 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் உருவாக்கியவர் ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப். நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் அவர் சிறு முள்ளைச் செருகினார். அணுக்கள் திரண்டு வந்து அம்முள்ளைச் சூழ்ந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

மண்ணீரலின் விழுங்கணுக்கள் இரத்தத்தில் புகும் கிருமிகளையும் விழுங்கி அழிக்கின்றன. எனவே, விபத்தாலோ நோயாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவருக்கு வரும் காய்ச்சலைச் சாதாரணமாகக் கருதாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருக்குரிய தடுப்பூசிகள் குறித்தும் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அந்த விழிப்புணர்வு ஓர் உயிரைக் காக்கக் கூடும்.