பிரேக் கட்டை தரும் எச்சரிக்கை

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரம் வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தேய்ந்த பிரேக் கட்டைக்கு மாற்றுக் கட்டை வாங்குவது எளிது. மாற்ற வேண்டிய வேளையை அறிவதே முக்கியம்.

சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்துவன இக்கட்டைகளே. புதிய கட்டையின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்ததும் மாற்றிவிடுதல் நலம்.

பல கட்டைகளில் சிறு தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கட்டை தேய்ந்ததும் அத்தகடு வட்டில் உரசிக் கீச்சொலி எழுப்பும். இதுவே முதல் எச்சரிக்கை. மழை பெய்த மறுநாள் காலையில் சற்றே கேட்டு மறையும் ஒலி, பெரும்பாலும் வட்டில் படிந்த துருவினால் எழுவது. அதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. தொடர்ந்து கேட்கும் ஒலியையோ அலட்சியம் செய்யலாகாது. கரகரவென்று இரும்போடு இரும்பு உராயுமானால், கட்டை முற்றிலும் தேய்ந்து வட்டும் பழுதாகின்றது என்று பொருள். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

நிறுத்தும்போது வண்டி ஒருபக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தின் கட்டை மட்டும் தேய்ந்தோ எண்ணெய் பட்டோ இருக்கலாம். எனினும், கட்டைகளை இடம், வலம் இரு சக்கரங்களிலும் ஒருசேர மாற்றுதல் வேண்டும்.

சிங்கப்பூரில் 3 ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டுகளைக் கடந்தவை ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்கு உட்படுகின்றன. சோதனை நாள்வரை தேய்மானம் காத்திராது. குடும்பத்தோடு செல்லும் நாம், கீச்சொலி கேட்ட அன்றே பட்டறைக்குச் செல்வோமாக!