ரிங்லெட்டில் திருட்டு குறைவா, புகார் குறைவா?

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வந்தால் கேமரன் மலையின் முதல் பட்டணம் ரிங்லெட். தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த இந்தச் சிற்றூரில் ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் பொழுது விடிவதற்குள் செய்தி எல்லாப் புலனக் குழுக்களிலும் சுற்றிவிடும். உடனே இரண்டு கட்சி உருவாகும். “ஊர் கெட்டுப்போச்சு” என்பது ஒன்று. “கோலாலம்பூரைப் பாருங்க, இங்கே ஒண்ணுமே இல்லை” என்பது மற்றொன்று. இருவர் கையிலும் எண் இருக்காது.

எண்ணைத் தேடினால் கிடைக்கும். போலீஸ் தரும் தகவலைக் கொண்டு மலேசியப் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் குற்றச்செயல் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. அதன் ஓப்பன்டோசம் இணையத்தளத்தில் 2016 முதலான விவரங்கள் போலீஸ் மாவட்ட வாரியாக இருக்கின்றன. வீடு புகுந்து திருடியது, கார் திருட்டு, மோட்டார் சைக்கிள் திருட்டு, பிற திருட்டு என்று பிரித்தே பார்க்கலாம். காசு கட்ட வேண்டியதில்லை. ஒப்படைப்புக்குத் தலைப்பு கிடைக்காமல் அலையும் மாணவர்கள் ஒருமுறை நுழைந்து பார்க்கலாம்.

ஆனால், ரிங்லெட்டுக்கு அங்கே தனி வரி இல்லை. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா எல்லாம் சேர்ந்து ‘கேமரன் மலை’ என்ற ஒரே வரிதான். சுற்றுலாப் பயணிகள் நெரியும் பிரிஞ்சாங்கில் நடந்ததும், தோட்டத்து லயன் வீட்டில் நடந்ததும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விடுகின்றன.

அடுத்தது விகிதம். ஊருக்கு ஊர் ஒப்பிட, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை சம்பவம் என்று கணக்கிடுவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேமரன் மலை மாவட்டத்தில் ஏறத்தாழ 39,000 பேர். இங்கே ஒரு திருட்டு கூடினாலே விகிதம் 2.5-க்கு மேல் ஏறிவிடும். ஒரே கும்பல் ஒரு மாதத்தில் எட்டு மோட்டார் சைக்கிள்களைக் கிளப்பிக்கொண்டு போனால் விகிதம் 20 கூடிவிடும். அதே எட்டு, இருபது லட்சம் பேருக்குச் சற்றே குறைவாக வாழும் கோலாலம்பூரில் நடந்தால் விகிதம் 0.4 தான் அசையும். ஐயாயிரம் பேர் மட்டுமே உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் ஒரு சம்பவமே 20-க்குச் சமம். சின்ன ஊரில் ‘திருட்டு இரட்டிப்பானது’ என்று யாராவது சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனையானது என்று முதலில் கேட்பது நல்லது. மூன்று ஆறானதும் இரட்டிப்புதான். ஓராண்டு எண்ணை விட்டுவிட்டு ஐந்தாண்டுச் சராசரியைப் பார்த்தால் ஓரளவு உண்மை தெரியும்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. பள்ளி விடுமுறையில் மலையேறி வருபவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் அல்லர். அவர்களுடைய காரின் கண்ணாடியை உடைத்து யாராவது கைப்பையை எடுத்தால் சம்பவம் கேமரன் மலைக் கணக்கில் ஏறும். பறிகொடுத்தவர் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஓட்டை, புகாரே செய்யப்படாத திருட்டு. வாசலில் இருந்த கேஸ் தோம்பு, கொடியில் காய்ந்த துணி, கூண்டிலிருந்த கோழி, மருந்தடிக்கும் பம்பு இவற்றுக்காக அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு போலீஸ் நிலையத்துக்குப் போவோர் எத்தனை பேர்? மோட்டார் சைக்கிள் போனால் மட்டும் ஓடுவோம். காப்புறுதிக்குப் புகார் நகல் வேண்டும். உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் 1973 முதல் வீடு வீடாக ஆய்வு நடத்தி, ‘உங்களிடம் எதுவும் திருடு போனதா, போலீசுக்குச் சொன்னீர்களா?’ என்று கேட்டு வருகிறார்கள். சொத்துத் திருட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவே போலீசுக்குப் போகிறது என்று அது காட்டுகிறது. வாகனத் திருட்டு மட்டும் பெரும்பாலும் புகாராகிவிடுகிறது. இங்கிலாந்தும் 1982 முதல் இதே போன்ற ஆய்வை நடத்துகிறது.

கேமரன் மலையில் வாய் திறக்காத இன்னொரு கூட்டம் உண்டு. தேயிலை பறிப்பதிலும் காய்கறித் தோட்டங்களிலும் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார் தொழிலாளர்கள் ஏராளம். திருட்டு என்றதும் புலனக் குழுவில் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான் விழும். அவர்களுடைய கைப்பேசியோ சேமித்த சம்பளமோ போனால் எந்தக் குழுவிலும் செய்தி வராது. பத்திரத்தில் குளறுபடி இருப்பவர் போலீஸ் நிலையப் படியேறத் துணிவாரா? அவர் திருடராகக் கணக்கில் வருவது எளிது. பறிகொடுத்தவராக வருவது கடினம். நம் தாத்தா பாட்டிகளும் ஒரு காலத்தில் வந்தேறிகளாகத்தான் லயன்களில் வாழ்ந்தார்கள் என்பதால் இது கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, திருட்டு எப்போது நடக்கிறது? 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார்கள். திருட நினைப்பவர், திருடத் தக்க பொருள், காக்க ஆளில்லாத நேரம் மூன்றும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெண்களும் வேலைக்குப் போய் வீடுகள் பகலில் காலியானதை, அமெரிக்காவில் பகல் திருட்டு கூடியதோடு அவர்கள் பொருத்திக் காட்டினார்கள். பெருந்தொற்றுக் காலம் இதையே தலைகீழாகக் காட்டியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2019-இல் 83 ஆயிரத்தைத் தாண்டியிருந்த நாட்டின் குற்றச்செயல் குறியீட்டுச் சம்பவங்கள் 2020-இல் ஏறக்குறைய 65,600 ஆகக் குறைந்தன. சாலையில் தடுப்பு, வீட்டில் ஆள்.

தோட்டத்துக்கு இது புதிய பாடமில்லை. எல்லாரும் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கப் போனாலும் லயனில் பாட்டிமார் இருப்பார்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளோடு ஆயா இருப்பார். அந்நியர் நுழைந்தால் “யாருப்பா நீ, யாரு வீட்டுக்கு வந்தே?” என்று ஒரு குரல் கேட்கும். இன்று இளையோர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பகலில் பூட்டிய கதவுகள் கூடிவிட்டன. கேமரா வாங்கி மாட்டலாம்தான், ஆனால் கேமரா கேள்வி கேட்காது.

அந்தக் குரலுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் ருக்குன் தெத்தாங்கா. 1975-இல் தொடங்கிய இந்த அண்டைவீட்டார் அமைப்புக்கு 2012-இல் தனிச் சட்டமே வந்தது. அதன்கீழ் தன்னார்வ ரோந்தும் நடத்தலாம். ரோந்து என்றால் இரவு என்றே எல்லாரும் நினைக்கிறோம். வீடுகள் காலியாக இருக்கும் பகலுக்கும் யாராவது வேண்டும். இளையோர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இதில் கைகொடுக்கலாம்.

புகார் செய்வதில் சில விவரங்கள் பலருக்குத் தெரிவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி, குற்றம் மலேசியாவில் எங்கு நடந்திருந்தாலும் எந்த போலீஸ் நிலையமும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டும். திருட்டில் மைகார்டு போயிருந்தால் புகார் நகலைக் காட்டி, தொலைத்ததற்கான அபராதத்தைத் தவிர்க்கலாம். 107ஏ பிரிவு இன்னும் பயனுள்ளது. புகார் செய்து நான்கு வாரம் கடந்தபின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரர் கேட்கலாம். விசாரணைக்குப் பாதகம் இல்லாத வரை, கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிலையப் பொறுப்பதிகாரி பதில் தர வேண்டும். அதற்குப் புகார் எண் தேவை. நகலை மடித்து அலமாரியில் பத்திரமாக வையுங்கள்.