கால்வலி மட்டும்தானா?

தே ஆறிவிடும் அக்கா, குடித்துக்கொண்டே கேளுங்கள். "அப்பாவுக்கு வயசாச்சு, அதான் பேச்சு குறைஞ்சுபோச்சு" என்றீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயது நடையைத் தளர்த்தும். தமிழ் முரசைப் பிரிக்கக்கூட மனமில்லாமல் செய்வது வயதல்ல.

நம் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று லேசில் சொல்லமாட்டார்கள். கால் குடைகிறது, வயிறு மந்தம் என்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார்கள். தட்டில் பாதிச் சோறு மிஞ்சும், சட்டை தொளதொளக்கும், "உங்களுக்குப் பாரமாயிட்டேன்" என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் மனச்சோர்வா என்று பார்த்துவிட வேண்டும்.

மனநலக் கழகம் முன்னின்று 2013-ல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூரில் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டோரில் 3.7 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. நோயாக முற்றாத அறிகுறிகளோடு இன்னும் 13.4 விழுக்காட்டினர். சீனர்களைவிட இந்தியர்களுக்கு வாய்ப்பு ஐந்து மடங்கு! வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று பொத்திவைக்கும் நம் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

பிடோக் பாலிகிளினிக்கில் சர்க்கரைக்குக் காட்டும் நாளிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு, பி12 பார்ப்பார்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், அதுவும் ஆளைச் சோர்த்துப்போடும். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகளும் கேட்கலாம். மறதிநோயோ என்றும் பயப்படுகிறீர்கள். மனச்சோர்வுக்காரர் எதைக் கேட்டாலும் "தெரியலை" என்று விட்டுவிடுவார். மறதி தொடங்கியவர் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். ஆனால் இரண்டும் சேர்ந்தும் வரும், அதனால் முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

மனச்சோர்வுதான் என்றால், மாத்திரையைக் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகலாம். பத்தாம் நாளே "ஒன்னும் கேக்கலை" என்று நிறுத்துவதுதான் நம்மவர்கள் வழக்கம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இடையில் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் உடனே காட்டுங்கள். சில மாத்திரைகள் இரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும். மனநல ஆலோசனையும் பலன் தரும். செலவுக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம்.

"செத்துப்போகலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். 1767 உதவி எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

டாக்டரிடம் போகும்போது அப்பா சாப்பிடும் அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், தேக்காவில் வாங்கிய லேகியம் உட்பட.